எதிர்ப் பட்டறையின் இருமல்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறார். இனி யார் கூப்பிட்டாலும் கேட்காது. ‘மூணாவது வால்வு முனகுது’ என்று கண்ணைத் திறப்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான். முப்பது வருஷ மெக்கானிக். தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர். தப்பாக ஓடும் இன்ஜின் காதில் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவர், வாசலில் நின்ற சவ வண்டியின் சத்தம் பொறுக்காமல் எழுந்துபோய் பானட்டைத் திறந்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட காதுக்கு நேர் எதிரே சகலை பட்டறை போட்டு இரண்டு வருஷமாகிறது. மனைவியின் தங்கை புருஷன். கண்ணாடிக் கதவு, கம்ப்யூட்டர், வரிசையாக வேகக் கார்கள். காதுக்காரரிடம் வருவதோ மூட்டை சுமக்கும் பழைய வேன்கள். வயிறு எரிகிறது மனுஷருக்கு, அதை மறைக்கவும் தெரியாது. வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்களே, அந்தக் கதைதான். ‘மெக்கானிக்குக்கு எதுக்கு வெள்ளைச் சட்டை? ஊசி போடப் போறானா?’ என்பார்.

போன வாரம் சகலை ஒரு காரில் ரேஸ் கேம்ஷாஃப்ட் மாட்டினான். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான். இது வேகத்துக்கென்றே செய்தது. மாட்டிய நாளிலிருந்து வண்டி குலுங்கியது, கார்பரேட்டர் வழியாக இருமியது, நின்று போனது. பிளக்கை மாற்றினான், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். இருமல் நிற்கவில்லை.

முதல் நாள் காதுக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வீட்டில் அந்த இருமலை நடித்துக்கூடக் காட்டினார். இரண்டாம் நாள் சாப்பாடு பாதியில் நின்றது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவருக்கு நோய் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று மனைவி கேட்டதற்கு, ‘அவன் என்னைக் கேட்டானா?’ என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் காரின் சொந்தக்காரர் வருவதாக இருந்தது. வந்தால் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிப்பார். வால்வு பிஸ்டனில் இடிக்கும், இன்ஜின் போகும், கூடவே சகலையின் பெயரும் போகும். போகட்டுமே என்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். எதிரே இன்ஜின் இருமியது. ஒரு கவளம் எடுத்தார். மறுபடி இருமியது. டப்பாவை மூடினார். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

‘வாங்கண்ணே. பெரிய கேம்ஷாஃப்ட் போட்டா கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும், ஆனா இது...’ என்று எழுந்தான் சகலை. காதுக்காரர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஊன்றினார், கண்ணை மூடினார்.

‘குலுங்குறது வேற, இருமுறது வேற. செயின் ஒரு பல்லு தள்ளி உக்காந்திருக்கு. இறுக்கின பிறகு கையால ரெண்டு சுத்து சுத்திப் பாக்க மாட்டியா?’

மூடியைக் கழற்றிப் பார்த்தான். தண்டைச் சுழற்றும் செயின், சக்கரத்தில் போட்ட குறிக்கு ஒரு பல் தள்ளித்தான் நின்றது. சகலைக்கு முகம் செத்துவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்குள் இவர் திரும்பி நடந்துவிட்டார்.

சாயங்காலம் எதிரே இன்ஜின் எழுந்தது. இருமல் இல்லை. திம்திம்மென்று நெஞ்சில் வந்து மோதும் முழு உறுமல். ஒரு பிசகு இல்லை. கண்ணை மூடிக் கேட்டார். இப்படியொரு இன்ஜினை இந்த முப்பது வருஷத்தில் ஒருவரும் அவர் கையில் கொடுத்ததில்லை. கண்ணைத் திறந்தபோது சொந்தக்காரர் சகலையின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். சகலையோ இவர் பக்கம் கையைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான்.

‘அண்ணே, சத்தம் எப்படி?’ என்று தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

அவர் கை துடைக்கும் பஞ்சில் கொஞ்சம் கிள்ளி, இரண்டாக உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, மத்தியானம் மூடிய டப்பாவைத் திறந்தார்.