எண்பதாவது மணியில் வந்த கம்பம்

செய்தி வந்தபோது லிங்கி ஆற்றோரக் கோவில் மடைப்பள்ளியில் மூவர் இருந்தோம்: பூசணி நறுக்கிய நான், தேங்காய் துருவிய என் கணவர், அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நாகப்பன். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு ஆண்ட்டி" என்று போனில் சொன்னாள் மணியம் அண்ணனின் மகள். நாகப்பன் அடுப்பை அணைத்துவிட்டு, "அந்தக் கணக்கு பாதியில நிக்குதே அக்கா" என்றார்.

படகு பழுதுபார்த்த மணியம் அண்ணனை, துறையில் படகு வைத்திருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு அவர் பழக்கமானது ஆற்றங்கரையில். கோவில் அண்டாவைக் கழுவித் தண்ணீரில் தள்ளினேன்; எவ்வளவு தள்ளினாலும் முன்னால் தண்ணீர் குவிந்து மறித்தது. தாம்பாளத்தைத் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏன் என்று கேட்டேன். "அதுதான் தங்கச்சி என் பொழப்பே" என்று சிரித்தார்.

கனமான பாய்மரப் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்ளும், நீரைத் தொடும் நீளம்தான் அதன் வேகத்துக்கு எல்லை என்பது பழைய விதி. இருபத்தைந்து அடிக்கு மணிக்கு ஆறே முக்கால் கடல் மைல். தட்டையான, எடை குறைந்த புதுப் படகு அந்த அலைமேல் ஏறிவிடுமா? அதை அறியத்தான் அவரே அந்த நீளத்தில் ஒன்று கட்டினார்.

ஓட்டிப் பார்த்த அன்று படகில் அவர், சுக்கான் பிடித்த நாகப்பன், நான். துறையிலிருந்து முகத்துவாரக் கம்பம் ஒரு கடல் மைல். விதிப்படி ஒன்பது நிமிடம். நூற்றெட்டு மணி கொண்ட என் ஜபமாலை ஒரு சுற்றுக்கும் அதே ஒன்பது நிமிடம். பல வருடம் நோட்டில் எழுதிப் பார்த்தது. அதனால் கடிகாரம் எடுத்துப் போகவில்லை.

"முருகனுக்கே டைம் வைக்கிறீங்களா அக்கா?" என்றார் நாகப்பன்.

குறுக்குக் காற்றில் படகு எழும்பியது. எண்பதாவது மணியிலேயே கம்பம் வந்துவிட்டது!

"பயத்துல வேகமா சொன்னீங்களா?" என்று கேட்டார் அண்ணன். ஆமாம் என்றேன்.

"அப்படின்னா படகு இன்னும் வேகம்லா!" என்று நாகப்பன் துள்ளினார்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "ஆத்துத் தண்ணி கடலுக்கு இறங்கிட்டு இருக்கு. படகு ஓடுனது எவ்வளவு, தண்ணி தூக்கிட்டு வந்தது எவ்வளவு? திரும்பும்போதும் எண்ணணும். நமக்குப் புடிச்ச விடை வந்தா இன்னொருக்கா பாக்கணும் தங்கச்சி."

ஆனால் மழை பிடித்துக் காற்று செத்தது. மோட்டார் போட்டுத் திரும்பினோம். அடுத்த வாரம் என்றார். அந்த வாரம் அவருக்கு வரவில்லை.

ஓட்டிப் பார்த்த அன்றே, அவர் பாய் தைக்கும் சிவப்பு நூலில் ஒரு துண்டை அவரிடம் வாங்கி எண்பதாவது மணியருகில் கட்டினேன். தினமும் விரல் அங்கே போனதும் நின்றுவிடுகிறது. சுவாமி பொறுத்துக்கொள்வார்.

அந்தப் படகை மகள் விற்றுவிட்டாள்; மாதக் கடைசியில் வாங்கியவர் எடுத்துப் போகிறார். அதற்கு முந்தின சனிக்கிழமை அதை எங்களுக்குத் தரச் சம்மதித்திருக்கிறாள். போக ஒன்று, வர ஒன்று, இரண்டு நேரத்தையும் எடுக்க வேண்டும். சுக்கானுக்கு நாகப்பன் இருக்கிறார். இம்முறை நான் கைக்கடிகாரத்தோடு வருவேன். அண்ணன் இடத்தில் பாயைப் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். உங்களில் யார் வருகிறீர்கள்? வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள்.