மழைக்குக் குரல் கொடுத்த அக்கா

"…கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையே கட்டிப்போச்சு, அக்கா பதிலே சொல்லலீங்க. அதான் ஓடியாந்தேனுங்க!" என்றபடி, நனைந்த சேலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார் மேல் வீட்டு ஸ்டெல்லா. போன ஐப்பசி மழையில், அக்கா எங்களை விட்டுப் போன மத்தியானம் அது. அவர் ஏன் அப்படி அலறிக்கொண்டு ஓடி வந்தார் என்பது, ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவுகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதைச் சொன்னால்தான் அக்காவைச் சொன்னதாகும்.

அக்கா பிறந்தது மாரமங்கலத்துக்கு மேலே, மலைச் சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வீடுகள் இருந்த எங்கள் பழைய ஊரில். அப்பா காலமானபோது நான் கைக்குழந்தை. சாமைக் காட்டையும் காப்பித் தோட்டக் கூலியையும் வைத்து என்னை ஆளாக்கியவர் அக்காதான். அடுப்பில் எது இருந்தாலும் வந்தவருக்கு முதலில் போட்டுவிடுவார். கோபம் வந்தால் மட்டும் பேச்சு, கடுகு தாளித்த மாதிரி வெடிக்கும்.

எங்கள் ஊரில் பெருமழைக்கு ஒரு வழக்கம். உச்சி வீட்டுக்காரர் முதலில் குரல் கொடுப்பார். அடுத்த வீட்டார் "இருக்கறோம்" என்று பதில் சொல்லிவிட்டு, தமக்குக் கீழே உள்ள வீட்டைக் கூப்பிடுவார்கள். இப்படியே அடி வீடு வரைக்கும் போகும். பதில் வராத வீட்டுக்கு ஆள் ஓடும். மலை இளகி மண் சரிந்த அன்று அந்தக் குரல் "எறங்குங்க, எறங்குங்க" என்று வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பின்னால் கேட்ட சத்தத்தை எழுத இப்போதும் கை வரவில்லை. எல்லாரும் பிழைத்தோம், முதலில் கூப்பிட்ட உச்சி வீட்டுப் பெரியப்பாவைத் தவிர.

பிறகு, வீடிழந்த எங்களுக்குக் குப்பனூர் ரோட்டுப் பக்கம் அரசாங்கக் காலனி வீடு கிடைத்தது. நல்ல வீடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் குலுக்கல் போட்டுக் கொடுத்ததில் பங்காளிகள் மூலைக்கு ஒருவராகப் போனோம். காலனியும் சரிவில்தான். எங்களுக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர் லயன் வீடு இடிந்து வந்த ஸ்டெல்லா குடும்பம். முதல் மழைக்கு மேலேயிருந்து குரல் வரவில்லை. அக்காவுக்கு உட்காரவும் முடியவில்லை, சோறும் இறங்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க, மழை பெய்யறது உங்களுக்குந்தான் தெரியுது. நான் வேற கத்தோணுமா?" என்று சிரித்தார் ஸ்டெல்லா.

"மழை தெரியுது கண்ணு. நீ உசுரோட இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா.

அடுத்த மழைக்கு மேலேயிருந்து ஒரு கிண்டல் குரல்: "இன்னும் சாகலீங்கக்கா!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்து, "நானும் இருக்கறேன் சாமி!" என்று கத்திவிட்டு, உடனே கீழ் வீட்டுப் பக்கம் திரும்பினார். அந்தக் கிண்டலே பழக்கமாகிவிட்டது. வானம் கறுத்தால் இன்றும் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். அந்தக் குரல்கள் இறங்கிப் போன பிறகுதான் உள்ளே போவேன்.

மூச்சிரைப்பு வந்து அக்கா படுத்தபோது கஞ்சி கொண்டுவந்து ஊட்டியவர் ஸ்டெல்லா. ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்து வந்தவர்களையும், அந்த மழையிலேயே பாடைக்கு மூங்கில் வெட்டி வந்த கீழ் வீட்டுத் தம்பிகளையும், ஈரத்தோடு சுமந்த தோள்களையும் எங்கள் குடும்பம் கையெடுத்துக் கும்பிடுகிறது.

அன்றைக்கு மத்தியானமே இருட்டிக்கொண்டு கொட்டியது. வீட்டுக்குப் பின்னால் ஓடிய தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்தது. மேலேயிருந்து குரல் கேட்டபோது அக்காவின் கை என் கைக்குள் குளிர்ந்துவிட்டிருந்தது. எனக்கு வாய் எழவில்லை. கீழே பிள்ளைகுட்டிகளோடு இருக்கும் வீடுகளுக்கு இன்னும் குரல் போகவில்லை என்பது மண்டையில் ஏறவேயில்லை. பதில் வராமல் இறங்கி ஓடி வந்த ஸ்டெல்லா வாசலில் நின்று அக்காவைப் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, முற்றத்தின் ஓரத்துக்கு ஓடி, கைகளை வாயருகே குவித்துக் கீழ் வீட்டைக் கூப்பிட்டார். பதில் வரும்வரை மழையிலேயே நின்று கூப்பிட்டார்.