எக்ஸ்ரேயின் வீட்டுக்காரருக்குக் கோபம் வரவில்லை

அந்தப் பெரிய துணிக்கடையின் வெளிவாசலில் ஒரு சின்ன மேசை. மேசைக்குப் பின்னால் நிற்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் முதலாளி முதல் தரை துடைப்பவர்வரை எல்லோரும் அவளை எக்ஸ்ரே என்றே அழைத்தார்கள். வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து, பில்லோடு ஒத்துப் பார்ப்பது அவள் வேலை. திறக்கவே வேண்டாம், அவள் நிமிர்ந்து பார்த்தால் போதும், பைகளே பயந்துபோய்த் தங்கள் ஜிப்பைத் தாங்களே இறக்கிவிடும் என்று கடைப் பெண்கள் சத்தியம் செய்தார்கள். ஒருமுறை நிறைமாத வயிற்றோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒருத்தியிடம், "பிரசவம் இங்கேயே ஆகட்டும்மா, ரெண்டு போர்வையும் சுகமா வெளிய வரட்டும்" என்றாளாம். போர்வைகள் வந்தன. பின்னாலேயே ஒரு தலையணை உறையும் வந்தது. இரட்டைப் பிள்ளை என்று நினைத்தது மூன்றாயிற்று.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சொல்லிவைத்தவர் ஒருநாளும் கடைவாசலில் நின்று பார்த்ததில்லை என்பது அவள் கட்சி. கனமில்லாதவன்தான் குதிப்பான். "என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?" என்று பையைத் தலைகீழாகக் கொட்டுவான். அவனை விட்டுவிடலாம். கனமுள்ளவன் ஒத்திகை பார்த்துவிட்டு வருவான். "நல்லா பாருங்கக்கா, உங்க கடமையைத்தானே செய்யறீங்க" என்று சிரித்தபடி அவனே விரித்துக் காட்டுவான். அந்தச் சிரிப்பைக் கண்டால் எக்ஸ்ரேயின் பார்வை நேரே அவன் காலுறைக்கு இறங்கும்.

இப்படிப்பட்டவளின் வீட்டுக்காரர் திடீரென்று சாந்தமாகிவிட்டார்.

அவர் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வைண்டிங் கடைக்காரர். அந்தக் கடையில் மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்காது, அவரைத் தொட்டால் அடிக்கும். அதிலும் கடவுள் பேச்சு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எக்ஸ்ரேயின் அண்ணனோ கடவுளே இல்லை என்கிற கட்சி. ஒரு கல்யாண விருந்தில் இருவரும் மோதிக்கொண்டபோது தெறித்த சட்டைப் பொத்தான் மணமகளின் டம்ளரில் போய் விழுந்தது. அந்தப் பெண் அதை மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிட்டதாகக்கூட ஒரு வதந்தி உண்டு.

அந்த அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, டீயை உறிஞ்சியபடி ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, போன வாரம் மழையை நிறுத்தச் சொல்லி உங்க சாமிகிட்ட கேட்டீங்களே. அவர் காதுல விழலையா? இல்ல, அங்கயும் மழையா?"

எக்ஸ்ரே கண்ணாடி டம்ளர்களைச் சத்தமில்லாமல் எட்டாத இடத்துக்கு நகர்த்தினாள்.

"நீங்க சொல்ல வர்றது என்னன்னா மச்சான்," என்றார் வைண்டிங்காரர் நிதானமாக, "கேட்டது கிடைக்கலைன்னா, காது கொடுத்துக் கேக்க மேல ஒருத்தர் இருக்கார்னு எப்படி நம்பறது? இதுதானே?"

"ஆ... ஆமா."

"யோசிக்க வேண்டிய விஷயம்தான். பிஸ்கட் எடுத்துக்குங்க."

அண்ணனுக்குப் புரையேறியது. தலையைத் தட்டிக்கொண்டே சமையலறைக்கு ஓடிவந்தார்.

"ஏம்மா, இவர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

"இல்லையேண்ணா."

"அப்ப மதம் மாறப்போறாரு. அவர் கடைக்குப் பக்கத்துல படங்களுக்குச் சட்டம் போடறாரே, அந்த ஃப்ரேம்காரர் வேற மதம்தானே? சாயங்காலமானா ரெண்டு பேரும் உக்காந்து பேசறாங்களாம். முடிவு பண்ணிட்டவனுக்குத்தான்மா கோபமே வராது."

கடவுளே இல்லை என்பவனுக்கு இதில் பொய் சொல்லி என்ன லாபம்? அதனாலேயே எக்ஸ்ரே அதை நம்பிவிட்டாள். தெரு சிரிக்குமே என்பதல்ல அவள் கவலை. சிரிக்கிற தெருவை அழவைக்க அவளுக்குத் தெரியும். செத்த பிறகு அவரவர் சாமி அவரவரை அழைத்துக்கொண்டு வெவ்வேறு வழியாகப் போய்விட்டால் என்ன செய்வது? கல்யாணமான நாளிலிருந்து பாதியில் நிற்கும் சண்டைகள் எத்தனை! அதையெல்லாம் அந்தப் பக்கம் போய் யாரோடு முடிப்பது?

அவர் குளிக்கப் போன நேரத்தில் கருவிப் பையைக் குடைந்தாள். டெஸ்டர், டேப், கம்பித் துண்டுகள். சட்டையை முகர்ந்தாள். வார்னிஷ் வாசனை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் பார்த்துவிட்டார். "என்னம்மா தேடற? சொல்லு, நானே எடுத்துத் தரேன்" என்றார். அவள் பார்வை தானாக அவர் காலுக்கு இறங்கியது. அவரே விரித்துக் காட்டுகிறாரே!

மறுநாள் தலைவலி என்று கடையில் சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பினாள். ஃப்ரேம் கடையில் யாருமில்லை. இரண்டு கடைக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. படமில்லாத ஃப்ரேம்களுக்கு இடையே புகுந்து அதில் காதை வைத்தாள்.

"கடவுள்கிட்ட எதையும் கேக்கவே கூடாது," என்றது வீட்டுக்காரரின் குரல். "கேக்கறதே அவமரியாதை. 'என்னை மறந்துடாதே'ன்னு பிள்ளை அம்மாவுக்கு மனு போடுமா? கேக்கறவன் வியாபாரி. நன்றி மட்டும் சொல்றவன்தான் பிள்ளை."

"அப்படிப் போடுங்க! என்னைவிட நல்லா சொல்றீங்களே" என்றது ஃப்ரேம்காரரின் குரல்.

அச்சு அசல் ஃப்ரேம்காரருடைய மதத்தின் பேச்சு! தங்கள் சொந்தப் பிரார்த்தனையில் கொட்டாவி விடும் மனிதரா இப்படி உருகுகிறார்? எக்ஸ்ரே பாய்ந்தாள். அவசரத்தில் ஒரு பெரிய ஃப்ரேம் கழுத்து வழியாக இறங்கித் தோளில் மாட்டிக்கொண்டது. சுவரிலிருந்து இறங்கி வந்த மாமியார் படம்போல அவள் வைண்டிங் கடைக்குள் நுழைய, ஃப்ரேம்காரர் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார்.

"எப்ப மாறறதா உத்தேசம்? இன்னைக்கா, நாளைக்கா?"

"யாரும்மா மாறறது?" என்றார் வீட்டுக்காரர்.

"தங்கச்சி, நான் சொல்றேன்," என்றார் ஃப்ரேம்காரர். "முன்னெல்லாம் நாங்க போடற சத்தத்துக்கு கஸ்டமர் ரோட்டோடயே போயிடுவான். ஒருநாள் இவர் மேசையில அடிச்ச அடியில, அந்தப் பக்கம் நான் வெட்டி வெச்ச கண்ணாடி உடைஞ்சுது. அன்னைக்கு ஒரு ரூல் போட்டோம். ஒருத்தர் பேச்சை மறுக்கணும்னா, முதல்ல அதை அவருக்காக நாம சொல்லணும். 'ஆமா, இதேதான்'னு அவர் தலையாட்டணும். அப்புறம்தான் மறுக்கலாம்."

"சொல்லி முடிக்கறதுக்குள்ள கோபம் எங்கயோ போயிடுது" என்றார் வீட்டுக்காரர்.

"கோபம் போச்சு சரி. நம்பிக்கை? அதுவும் கூடவே போச்சா?" எக்ஸ்ரே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பதில் ரெண்டும் ரொம்ப ரெடியா வருது. ஒத்திகை பாத்திருக்கீங்க."

வீட்டுக்காரர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "சரி, உன் கட்சியை நான் சொல்றேன். சரியா இருந்தா மட்டும் தலையாட்டு. தெரு சிரிக்கும்னு பயப்படற."

அவள் தூண் மாதிரி நின்றாள்.

"உங்கண்ணன் முன்னாடி தலைகுனிவாயிடும்னு."

தூண் அசையவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கடைசியில நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் போயிடுவோமோன்னு. அங்க உனக்கு நான் இருக்க மாட்டேனோன்னு."

அவள் அனுமதி கொடுப்பதற்கு முன்பே தலை ஆடிவிட்டது. எக்ஸ்ரேயின் காவலைத் தாண்டி, சோதனையில்லாமல் வெளியே போன முதல் சரக்கு அதுதான்.

ஃப்ரேம்காரருக்குத் திடீரென்று கடையில் பசை காய்ந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்தது. அவள் தோளிலிருந்த ஃப்ரேமை மரியாதையாகக் கழற்றி எடுத்துக்கொண்டு நழுவினார்.

"தலையாட்டிட்டேன்ல. இப்ப பதில் சொல்லுங்க."

"மாறலை."

"நாளைக்கு?"

"நாளைக்கு அப்படித் தோணினா, முதல்ல உன்கிட்டதான் வந்து சொல்வேன். நீ பேசறதை முழுசாக் கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்."

எக்ஸ்ரே காத்திருந்தாள். அவர் சத்தியம் செய்யவில்லை. பெற்ற பிள்ளைமேல், செத்த தாயார்மேல் என்று நாளெல்லாம் சத்தியம் கேட்டுப் புளித்த காது அவளுடையது. குதிக்காமலும் சிரிக்காமலும், 'நாளைக்குத் தெரியாது' என்று சொன்ன ஆளை அவள் மேசைக்கு முன்னால் இதுவரை பார்த்ததில்லை. எந்த ரகத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் விழித்தாள்.

நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். மீதிப் பாதிக்காக மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் நேரே வைண்டிங் கடைக்கு வந்து, தனக்கென்று ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். காவலுக்குத்தான். சும்மா உட்காரக் கூடாது என்று அவளையும் ரூலுக்குள் இழுத்துவிட்டார்கள். ஃப்ரேம்காரரின் கட்சியை அவள் சொல்லச் சொல்ல, அவர் "அது இல்ல தங்கச்சி" என்று தலையை இடவலமாக அசைத்துக்கொண்டே இருந்தார். "உங்க கழுத்துல என்ன சுளுக்கா?" என்று எரிந்து விழுந்தாள். ஒருவழியாக அவர் தலை மேலும் கீழும் ஆடியபோது, எதை மறுக்க வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. "நாளைக்கு மறுக்கறேன்" என்று எழுந்துகொண்டாள்.

இப்போது தெருவில் யாருக்கும் சந்தேகமே இல்லை, மூன்று பேரும் மதம் மாறத்தான் போகிறார்கள். எதிலிருந்து எதற்கு என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. அண்ணன் மட்டும் எந்தப் பேச்சையும் நம்பாமல், சாயங்காலமானால் ஃப்ரேம் கடைக்குள் நுழைந்து பலகைத் தடுப்பில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்.