சுத்தியல் கேட்காத அழகன்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு கடையில் ஆணித் துப்பாக்கி என்று ஒரு சாமான் விற்கிறார்கள். விலை பதினாலாயிரம் ரூபாய். அதை வாங்கலாமா என்று எங்கள் தோட்டத்தில் இரண்டு பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். அழகன் வாங்கிய கதையைச் சொல்கிறேன். பிறகு அவரவர் இஷ்டம்.

அழகன் எனக்கு மருமகன் முறை. என் அம்மாவின் சின்னம்மாவுக்கு ஒரே மகள், இருளாயி. இருளாயியின் மூத்த மகள் எனக்குத் தங்கச்சி ஆகவேண்டும். அவள் பெற்ற இரண்டு ஆண்பிள்ளைகளில் மூத்தவன் வீரய்யா, இளையவன் அழகன். வீரய்யா மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். வாயைத் திறந்தால் காசு கொட்டிவிடும் என்பதுபோல் இருப்பான். அழகனுக்கு ஃபேக்டரியில் வேலை. உலகத்தில் எங்கேயாவது புதிதாக ஒரு கைச்சாமான் செய்துவிட்டால் அது இவன் வீட்டுக்கு வந்துதான் தீரும்.

நல்லதண்ணியில் யாத்திரை சீசனுக்குப் போடும் கடையில் ஒருமுறை, காலில் கடிக்கும் அட்டையைப் பிடுங்கும் கிடுக்கி வாங்கினான். உறையைப் பிரித்து, கிடுக்கியை எடுத்து, படத்தில் போட்டிருப்பதுபோல் விரலில் கோப்பதற்குள் அட்டை வயிறு நிறைய ரத்தம் குடித்துவிட்டுத் தானாகவே விழுந்துவிடும். அழகன் அதையும் கிடுக்கியின் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டான்.

எங்கள் லயத்தில் ஒரே வரிசையாக எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சுத்தியல். அது இவர்களுடைய அப்பாவின் சுத்தியல். அவர் போனபிறகு நாலாம் நம்பரில் வீரய்யாவிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் வீரய்யாவின் மனைவி சண்முகவடிவு எடுத்துக் கொடுப்பாள். ஐந்தாம் நம்பரில் இருக்கும் அழகன் மட்டும் கேட்கமாட்டான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அழகன் கோழிக்கூடு அடிக்க அந்தச் சுத்தியலை வாங்கிப்போய் மழையில் போட்டுவிட்டான். பிடி ஊறி ஆடிப்போனது. "ஒன்ன நம்பி ஒரு சாமானக் குடுக்க முடியாதுடா" என்றான் வீரய்யா. "இனிமே ஒங்க சுத்தியலத் தொட்டா நான் அழகன் இல்ல" என்றான் இவன். இரண்டு வீடும் அப்பா காலத்தில் ஒரே வீடாக இருந்தவை. நடுச்சுவரில் போக வர ஒரு வாசல் இருந்தது. அன்றைக்கே அதைப் பலகை வைத்து அடைத்தார்கள். அழகன்தான் சுத்தியலைத் தொடமாட்டானே. அதனால் தம்பி பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணன் ஆணி அடித்தான். சண்டையை அவ்வளவு ஒற்றுமையாகச் செய்தவர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பிறகு பலகைமேல் பேப்பர் ஒட்டி, வருஷா வருஷம் தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசல் இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. பெண்கள் இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. அழகனின் மனைவி பூரணியும் சண்முகவடிவும் மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் கொழுந்து எடுத்தார்கள்.

இப்படி இருக்கும்போது அழகன் மகள் தனுஷிகாவுக்குப் பூண்டுலோயாவிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை துஷாந்த், கொழும்பில் ஒரு கடையில் வேலை. தனுஷிகாவுக்கும் விருப்பம். தரகர் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திக் கேட்டார்.

"பொண்ணுக்குப் பெரியப்பா ஒருத்தர் இருக்காராமே? மாப்பிள்ளையோட அப்பா பெரிய மனுசங்க இல்லாம பேச்சே எடுக்கமாட்டாரு. போன எடத்துல சித்தப்பன் வரலேன்னு எழும்பி வந்துட்டாரு."

"அண்ணன் கொழும்புல இருக்காரு. லீவு கெடைக்காது" என்றான் அழகன், கண் இமைக்காமல்.

தரகர் போனதும் பூரணி பிடித்துக்கொண்டாள். "பக்கத்து வீட்டுல இருமுறது இங்க கேக்குது. கொழும்பாம்! போயி ஒரு வார்த்த கூப்பிடுங்களேன்."

"அவரு வந்து கேக்கட்டும்."

"அவரு என்னத்தக் கேப்பாரு? 'தம்பி, என்னையக் கூப்பிடு'ன்னா?"

அழகன் பேச்சை மாற்றினான். பூண்டுலோயாக்காரர்கள் எல்லோரும் டிவியைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம். மேசையில் டிவி வைத்தவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்களாம்.

"நாலு ஆணி அடிக்கணும், அவ்வளவுதானே? வடிவக்காகிட்ட சுத்தியல வாங்கிட்டு வாறேன்" என்றாள் பூரணி.

மறுநாள் ஆணித் துப்பாக்கி வந்துவிட்டது.

முழங்கை நீளம். முனையில் ஆணியைப் போட்டு, சுவரில் வைத்து, பிடியைத் தள்ளினால் 'டப்' என்று இறங்கும். ஃபோன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே கொங்கிறீட் சுவரில் அடிக்கிறாள். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவரை அவள் பார்த்ததில்லைபோலிருக்கிறது. அழகன் அடித்த முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது எகிறிப் பூரணியின் சட்டியில் விழுந்தது. ஆறேழு ஆணிக்குப் பிறகு நடுச்சுவரில் ஓர் இடம் அகப்பட்டது. அங்கே வைத்த ஆணியெல்லாம் சத்தமில்லாமல் இறங்கின.

"பாத்தியா? சாமான்னா இது சாமான்! வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குது." ஆசை தீர முப்பது ஆணி அடித்தான்.

ஏன் அப்படி இறங்கியது என்று எனக்குத் தெரிந்தது, பூரணிக்குத் தெரிந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குத் தெரியவில்லை. மறுபக்கம் சண்முகவடிவின் குரல் கேட்டது. "இஞ்ச பாருங்க, நம்ம சுவத்துல ஆணி மொளைக்குது!" கொஞ்ச நேரத்தில் அவள் ஓர் ஆணி நுனியில் தேத்தண்ணி வடிகட்டும் வடியை மாட்டிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா யோகேஸ்வரன், அம்மா, மாப்பிள்ளை, தரகர். நானும் ஒரு மூலையில் நின்றேன். டிவி சுவரில் ஜோராகத் தொங்கியது. யோகேஸ்வரன் உட்காரும்போதே கேட்டார். "பெரியப்பா வரலீங்களா?"

"கொழும்புல..." என்று அழகன் தொடங்கினான்.

யோகேஸ்வரனின் முகம் சுருங்கியது. "ஒரு நாளைக்கு வர முடியாத பெரியப்பாவா?" என்று மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மடியிலிருந்த பையைக் கையில் எடுத்துக்கொண்டார். தனுஷிகா தேத்தண்ணித் தட்டோடு உள்வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் சுவர் முனகியது. முப்பது ஆணி துளைத்த பழம்பலகை, டிவியையும் தூக்கிக்கொண்டு மெதுவாக முன்பக்கம் சாய்ந்தது. துஷாந்த் பாய்ந்து டிவியைத் தாங்கினார். யோகேஸ்வரன் பலகையைத் தாங்கினார். பெண் பார்க்க வந்த பிள்ளை டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுண்ணாம்புத் தூசி அடங்கியது. திறந்த வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. அதில் வீரய்யா. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றி நிறைய விபூதி. விடிந்ததிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தான் என்று சண்முகவடிவு பிறகு சொன்னாள்.

"இவரு யாருங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

தரகர் கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

வீரய்யா எழுந்தான். கையைக் கூப்பிக்கொண்டு வாசலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தான்.

"வாங்க, வாங்க. நான்தான் பொண்ணுக்குப் பெரியப்பா. நைட் மெயில் ரயில்ல வந்து எறங்கினேன். கொஞ்சம் அசந்துட்டேன், மன்னிச்சுக்குங்க."

டிவியை இறக்கி வைத்துக்கொண்டே மாப்பிள்ளை கேட்டார். "கொழும்புல எந்தப் பக்கம் இருக்கீங்க பெரியப்பா?"

"கடல் பக்கந்தான் தம்பி. காத்து பலமா அடிக்கும்."

வீரய்யா கொழும்புக்குப் போனது ஒரே ஒருமுறை, கண் ஆபரேசனுக்கு. போகும்போது பார்வை இல்லை. வரும்போது கட்டுப் போட்டிருந்தார்கள். கடலை அவன் காதால்தான் கண்டிருப்பான். வாழ்க்கையில் அவன் முதன்முதலாகப் பொய் சொன்னது அன்றைக்குத்தான். தம்பி சொன்னதைவிடச் சுத்தமாகச் சொன்னான்.

மாப்பிள்ளையின் அம்மா பையை மறுபடி மடியில் வைத்தார். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் பெரியப்பாவும் யோகேஸ்வரனும்தான். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. புறப்படும்போது யோகேஸ்வரன் ஆணித் துப்பாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமானாத் தெரியுதே!" அழகன் அந்த இடத்திலேயே அதைச் சம்பந்திக்குக் கொடுத்துவிட்டான். பூண்டுலோயாவில் அவர்கள் வீட்டு நடுச்சுவர் எப்படி என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் வேன் வளைவில் மறைந்ததும் சண்முகவடிவு சிரிப்பை அடக்கமுடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நேத்து வரைக்கும் என்கூட வெறகு பொறுக்கினாரு, கொழும்புக்காரரு!"

வாசல் நிலையில் பழைய ஆணிகள் துருத்திக்கொண்டு நின்றன. யார் சேலையாவது கிழியும். அழகன் அவற்றைக் கையால் ஆட்டிப் பார்த்தான். வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, நிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, அந்தச் சுத்தியலக் கொஞ்சம் குடுங்க."

வீரய்யா உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தான்.

"மழையில வச்சிறாதடா."