கண்ணில் அம்பு பட்ட ராஜா

பிரான்ஸில், எங்கள் பாயோ ஊரில் ஒரு வழக்கம். வெளியூர் சொந்தக்காரர்கள் வந்தால், ஒரு போர்க்கதையைப் படம் படமாகத் தைத்த அந்தப் பழைய துணியைப் பார்க்க மியூசியம் வாசல்வரை கொண்டுபோய் விடுவோம். விட்டுவிட்டு எதிரே காபி குடிக்கப் போய்விடுவோம். தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிற துணி, எங்கே ஓடிவிடப் போகிறது?

பக்கத்து வீட்டு கிஸ்லேனும் அப்படித்தான். அந்தத் துணியைப் பார்க்க வந்தவர்கள் ஹோட்டலில் கசக்கிப்போட்ட படுக்கைகளைச் சரிசெய்தே முதுகு கூனிப்போனவள். புருஷன் ஆன்செல்ம் டிராக்டர் ஓட்டியவன். போன குளிர்காலத்தில் அவனுக்கு நடுப்பார்வை மங்கத் தொடங்கியது. ஓரம் மட்டும்தான் தெரியும், அதுவும் கலங்கலாக. மியூசியத்தைப் புதுப்பிக்கும் வேலைக்காக இரண்டு வருஷம் மூடப்போகிறார்கள் என்று அப்போதுதான் செய்தி வந்தது. திரும்பத் திறக்கும்வரை அவன் கண் தாங்காது என்றார் டாக்டர்.

"அந்தத் துணியில கண்ணுல அம்பு பட்ட ராஜா இருக்கான்ல, அவனை மட்டும் பாத்துடணும். பள்ளிக்கூட புஸ்தகத்துல பாத்தது."

"பாக்க வேற ஆளே கிடைக்கலையா உனக்கு, கிழவா?" என்றாள் கிஸ்லேன். கால் வீங்கியிருந்தும் கிளம்பினாள். நான்தான் காரில் கூட்டிப்போனேன்.

உள்ளே இருட்டு. ஆளுக்கொன்றாக வாசலில் கொடுத்த, காதோடு பிடித்த கருவி தன்பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டே போனது, நின்று பார்க்க விடவில்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது. கப்பல், குதிரை, விருந்து எதையும் கிஸ்லேன் பார்க்கவில்லை. ஆன்செல்ம் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்வதற்கே அவளுக்குச் சரியாக இருந்தது. எனக்கு எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோர்மேலும் எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் என்ன கிழித்தோம்?

கடைசியில் ராஜா வந்தான். ஆன்செல்ம் நேராகப் பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான், துணியை மூடியிருந்த கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தான்.

"எங்கடி அவன்?"

"இதோ, உனக்கு நேரா."

"ஒண்ணும் தெரியலையே. என்ன பண்றான்?"

அப்போதுதான் அவள் முதல்முறையாக அந்தத் துணியை நிமிர்ந்து பார்த்தாள். அலுத்துப்போன முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்பைக் கையால புடிச்சிருக்கான்."

"புடுங்கறானா?"

என் காதில் கருவி, ராஜா எப்படிச் செத்தான் என்று ஆரம்பித்தது. கிஸ்லேன் சட்டென்று ஆன்செல்மின் கையைக் கருவியோடு கீழே இறக்கினாள்.

"புடுங்கறான்யா. முக்கால்வாசி வெளிய வந்துடுச்சு."

"நல்லவேளை" என்றான் ஆன்செல்ம்.