அக்கா சொன்னால் சரியாக இருக்கும்

எங்கள் அக்கா பசுவந்தனையில் பிறந்தார். மழை பெய்தால் உளுந்தும் பாசியும், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் என்று நடந்த வீட்டில் அவர்தான் மூத்தவர். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தார். அத்தான் லாரியில் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப வாரக்கணக்காகும். டயர் வெடித்தாலும் வண்டி கவிழ்ந்தாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. அத்தானும் சொல்லிவிடுவார்.

வீட்டில் சும்மா இருக்கும் ஆளில்லை அக்கா. புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணியை வாங்கி, சுற்றுவட்டாரப் பெண்களுக்குத் தைக்கக் கொடுத்து, நைட்டிகளாகக் கொல்லத்தில் ஒரு கடைக்கு அனுப்பினார். அந்தக் கடைக்காரர் அக்காவை நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் போனில்தான். ஒருமுறை சரக்கு லாரியில் ஏறிய பிறகுதான், ஒரு துணி சாயம் போவது தெரிந்தது. அக்கா தானாகவே போன் போட்டு, "அண்ணாச்சி, அந்தப் பச்சைக் கட்டைப் பிரிக்காதீங்க. சாயம் போவுது, திருப்பி அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டார். ஆர்டரே போய்விடும் என்று கூடத் தைத்தவர்கள் பயந்தார்கள். அந்த மனிதரோ அதற்குப் பிறகு அக்காவின் சரக்கைப் பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும், ஊரிலிருந்து வரும் போனில் எல்லோரும் எப்போதும் நன்றாகவே இருப்பார்கள். யாராவது இறந்துபோனால் மட்டும், "கொஞ்சம் சீரியஸா இருக்கு, கிளம்பி வா" என்பார்கள். பாசத்தில் சொல்லும் பொய்தான். ஆனால் நிஜமாகவே சீரியஸ் என்றாலும் அதனால் எங்களுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது.

அப்பா காலமான அன்றும் என்னிடம் அப்படியே சொல்லச் சொன்னார்களாம். அக்கா போனை வாங்கி, "தம்பி, அப்பா போயிட்டாவ. உக்காந்து அழுதுட்டு, பொறவு கிளம்பு" என்றார். தனியாக இருக்கிறவனிடம் இப்படியா போட்டு உடைப்பது என்று சித்தப்பா சத்தம் போட்டிருக்கிறார்.

"அப்பா பொழச்சிருவாவன்னு வழியெல்லாம் சாமி கும்பிட்டுக்கிட்டே வரணுமா அவன்?" என்று அக்கா கேட்டாராம்.

பிறகு அக்காவுக்கே புற்றுநோய் வந்தது. தெரிந்த அன்றே அவரே எனக்குச் சொன்னார். உடனே வருகிறேன் என்றேன். "இப்ப வந்து என்ன செய்யப்போற? லீவை வச்சுக்கோ. நேரம் வரும்போது நான் சொல்லுதேன்" என்றார். கடைசி நேரத்தில் போய்ச் சேர முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். ஆனாலும் காத்திருந்தேன். ஊரில் யார் எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் போன் வந்தது. "தம்பி, இப்ப கிளம்பு. வந்தா பேசலாம்."

மதுரை விமான நிலையத்துக்குச் சித்தப்பாதான் வண்டி கொண்டுவந்தார். நான் என்ன கேட்டுவிடுவேனோ என்று பயந்து என் முகத்தையே பார்க்கவில்லை. சாத்தூர் தாண்டியும் நான் கேட்காததால் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, அக்கா எப்படி இருக்கான்னு கேக்க மாட்டியா?"

"வந்தா பேசலாம்னு சொல்லிருக்கா, சித்தப்பா. பேசுவா."

சித்தப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதார்.

அக்கா தலையணையில் சாய்ந்து விழித்திருந்தார். உடம்பில் எலும்புதான் மிச்சம். என்னைப் பார்த்ததும், "ரொம்ப மெலிஞ்சு போயிட்டியே" என்றார். ஒரு வாரத்துக்கும் மேல் பேசினோம், சிரிக்கக்கூடச் செய்தோம். அவர் கண்ணை மூடியபோது அத்தானும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

லாரியை விட்டுவிட்டு அக்காவைக் குழந்தையாகப் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், எதையும் மறைக்காமல் சொன்ன மருத்துவருக்கும், மாறி மாறிக் கஞ்சி வைத்துக் கொடுத்த தையல் சகோதரிகளுக்கும், கொல்லத்திலிருந்து வந்து அன்றுதான் முதன்முதலாக அக்காவின் முகத்தைப் பார்த்து விம்மிய கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலரைப் படிக்கும் சொந்தங்களில் பலருக்குப் பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சார்பில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். நாங்கள் தாங்கிக்கொள்வோம்.