இரண்டாம் மகனின் பிறை

முறம் அளவு மரக்கேடயம் அது. அதில் சிவப்பாக ஒரு சிங்கம், தலைக்கு மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு பிறை. சிங்கம் இங்கிலாந்தில் வரைந்தது. பிறையை மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு ஹாலில் நின்று வரைந்தவர் சித்தப்பா. அதோடு அப்பாவும் அவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ரயில்வே பணிமனையில் தாத்தாவுக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரரே ஞானஸ்நானத்தில் அவருக்கு ஞானத் தகப்பனாகவும் நின்று, தன் குடும்பப் பெயரைக் கொடுத்தார். ஊர் திரும்பக் கப்பலேறும்போது தன் குடும்பச் சின்னம் வரைந்த இந்தக் கேடயத்தையும் விட்டுப் போனார். பெயரோடு சின்னமும் எங்களுக்கு வந்துவிட்டதாகவே வீட்டில் எல்லோரும் நம்பினோம். தாத்தாவுக்குப் பிறகு மூத்த மகனுக்குத்தான் என்று அப்பா அதை ஹாலில் மாட்டினார். இங்கிலாந்து வழக்கப்படி இரண்டாம் மகனும் ஒரு பிறை சேர்த்து அதே சின்னத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சித்தப்பா எங்கோ படித்திருக்கிறார். அப்பா சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து வரைந்தேவிட்டார். அப்பா போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோதும் வீறாப்பு இறங்கவில்லை. "பிறைய அழிச்சாதான் அவனுக்குப் பத்திரிகை" என்றார் அப்பா. "அழிச்சா நான் வரமாட்டேன்" என்று சித்தப்பா சொல்லியனுப்பினார். என்னைத் தோளில் சுமந்து திரிந்த மனிதர் இல்லாமல் என்ன கல்யாணம்? இரண்டு பேர் மேலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயம் மாதாப்பூர் அலுவலகத்தில் இங்கிலாந்துக்காரர்களுக்காக ஒரு வம்சாவளி இணையதளம் செய்துகொண்டிருந்தோம். சின்னம் யாருக்கு இறங்கும் என்ற விதிகளை நிரலாக எழுதுவது என் வேலை. எழுதும்போதுதான் உறைத்தது. சின்னம் பெயருக்குச் சொந்தமில்லை. அதைப் பெற்றவரின் நேர் வாரிசுகளுக்கு மட்டுமே உரிமை. ஞானஸ்நானத்தில் வாங்கிய பெயருக்குப் பிறை என்ன, சிங்கமே கிடையாது.

அன்றே சித்தப்பாவை ஆட்டோவில் இழுத்து வந்து, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சொன்னேன்.

"அப்போ அண்ணே, உனக்கும் இல்லியா?" என்றார் சித்தப்பா.

"இல்லடா. எவனோட சிங்கத்துக்கோ நாம அடிச்சிக்கிட்டோம்" என்ற அப்பா, அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். அப்பாடா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றவர் சித்தப்பாதான்.

இப்போது கேடயம் யாருக்கும் வேண்டாம். "நீயே வெச்சுக்கோடா" என்று அப்பா கொண்டுபோய்க் கொடுப்பார், சாப்பிட்டுவிட்டு வருவார். "நக்கோ அண்ணே, எனக்கு வேணாம்" என்று சித்தப்பா திருப்பிக் கொண்டுவருவார், அவரும் சாப்பிட்டுவிட்டுப் போவார். போன வாரம் நான் போனபோது அது அப்பா மடியில் இருந்தது. சிங்கம் ஏறக்குறைய உதிர்ந்துபோயிருந்தது. அப்பா பிறைக்கு மட்டும் புது மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்.

"சிங்கம் எவனோடதோ. இது என் தம்பி வரைஞ்சது" என்றார்.